மஸ்டர் நோட்டைத் திறந்தால் தெரியும்

ஏப்ரல் 14 சமத்துவ நாள். செப்டம்பர் 17 சமூகநீதி நாள். இரண்டு நாளும் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வரிசையாக நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள். உதகையில் மூடுபனிக்குள் நின்று எடுத்தாலும், கூடலூரில் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று எடுத்தாலும் வாசகம் ஒன்றுதான். மறுநாள் விடியலில் மஸ்டர், அதாவது வருகைப் பதிவு, போடும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். விளக்குமாறு யார் கையில், பேனா யார் கையில், வண்டிச் சாவி யார் கையில் என்பது முந்தாநாள் இருந்தபடியே இருக்கும்.

நீலகிரியில் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி அலுவலகங்களில் மேலாளராகவோ, சுகாதார ஆய்வாளராகவோ, செயல் அலுவலராகவோ இருப்பவர்களை நினைத்து எழுதியது இது. பயிற்சி வகுப்பு நடத்துவது, சுவரொட்டி ஒட்டுவது பற்றி இதில் ஒன்றும் கிடையாது. அவற்றால் கெடுதல் இல்லை, ஆனால் ஊழியர்களுக்கிடையே பாகுபாடு குடியிருப்பது பதிவேடுகளில்: மஸ்டர், இனச்சுழற்சிப் பதிவேடு (எந்தக் காலியிடம் எந்த இனப் பிரிவுக்கு என்று முறை காட்டுவது), பணிப்பதிவேடு, சீருடை இண்டென்ட் (தேவைப் பட்டியல்), ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகள். அவற்றைத் திருத்தாமல் மனதை மட்டும் திருத்தப் பார்ப்பது வீண் வேலை என்பது என் எண்ணம்.

எண்ணுவதில் உள்ள வம்பு

பெரிய தாள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் பணியிடங்களை மேலிருந்து கீழாக எழுதுங்கள்: இளநிலை உதவியாளர், வரித் தண்டலர், குழாய் பொருத்துநர், ஓட்டுநர், மேற்பார்வையாளர், அலுவலக உதவியாளர், தூய்மைப் பணியாளர், கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர். ஊராட்சியாக இருந்தால் செயலர், நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர். மேலே கட்டங்கள்: ஆண், பெண், திருநர், இனம், மாற்றுத்திறன், நிரந்தரமா ஒப்பந்தமா, வேலை தொடங்கும் நேரம், வீட்டிலிருந்து தூரம், கடைசியாகப் பதவி உயர்வு பெற்ற ஆண்டு.

மொத்தக் கூட்டலை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். உதாரணத்துக்கு, 120 பேரில் 60 பேர் பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி, பிரமாதம் என்று அறிக்கை எழுதிவிடலாம். அந்த 60 பேரில் 52 பேர் ஒரே பணியிடத்தில், அதுவும் ஒப்பந்தத்தில் இருந்தால்? பணியிடம் பணியிடமாக எண்ணினால்தான் இது கண்ணில் படும்.

ஒப்பந்ததாரர் மூலம் வருபவர்களைச் சேர்க்காமல் எண்ணுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ‘அவங்க நம்ம ஆளுங்க இல்ல, காண்ட்ராக்ட் ஆளுங்க’ என்று அலுவலகத்தில் சொல்வார்கள். தெருவைக் கூட்டுவது நகராட்சிக்காக, நிற்பது நகராட்சி வண்டியில், திட்டு வாங்குவது நகராட்சி ஆய்வாளரிடம். எண்ணிக்கையில் மட்டும் விட்டுவிட முடியாது. ஒப்பந்ததாரர் வைத்திருக்கும் கூலிப் பதிவேட்டையும் வருங்கால வைப்புநிதிச் செலுத்துச் சீட்டையும் கேட்டு வாங்கி, இரண்டிலும் பெயர்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மஸ்டரில் 40 பெயர், வைப்புநிதியில் 31 என்றால் அந்த 9 பேர் யார் என்பதிலிருந்தே வேலை ஆரம்பமாகிறது.

இன்னொரு தவறு, மஸ்டர் வரிசையில் நிற்கவைத்து ‘நீ என்ன ஆளுங்க’ என்று சத்தமாகக் கேட்பது. செய்யவே கூடாது. நிரந்தர ஊழியர்களுக்குப் பணிப்பதிவேட்டிலேயே இனம் இருக்கிறது. ஒப்பந்தப் பணியாளர்களுக்கு மூடிய உறையில் விருப்பச் சீட்டு கொடுங்கள். எழுதாமல் விடுவதற்கும் உரிமை உண்டு. சிறிய அலுவலகத்தில் ஒரு கட்டத்தில் பணியர் பழங்குடியைச் சேர்ந்த ஒரே ஒரு பெண்தான் இருப்பார். எண்ணிக்கையைப் பலகையில் ஒட்டினால் அவரைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஐந்துக்குக் கீழே உள்ள எண்ணை வெளியே காட்டும் தாளில் ‘5க்குக் கீழ்’ என்று மட்டும் போடுவது நல்லது.

இனச்சுழற்சி: சின்ன அலுவலகத்தின் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,35,394 பேர். பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 32 சதவீதம், பழங்குடியினர் 4.5 சதவீதம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தினரும் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாகப் பட்டியலிடப்பட்டவர்கள். மாநில ஒதுக்கீட்டு 69 சதவீதத்தில் பழங்குடியினருக்கு 1, பட்டியல் சாதியினருக்கு 18, அந்த 18க்குள் அருந்ததியருக்கு 3. இந்த உள்ஒதுக்கீடு 2009இல் வந்தது. உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1இல் தீர்ப்பளித்தது.

ஒரு சதவீதம் என்பது 200 புள்ளிச் சுழற்சியில் 2 இடம். நியமன அலுவலரே சுழற்சி வைக்கும் பணியிடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: மொத்தம் 8 பேர், இரண்டு வருடத்துக்கு ஒரு காலியிடம். 200 புள்ளி முடிய 400 வருடம் ஆகும். பழங்குடியினருக்கான முறை பேரன் காலத்தில் வந்தாலும் அதிர்ஷ்டம்தான். சுழற்சியை உள்ளூரில் மாற்ற யாருக்கும் அதிகாரம் கிடையாது. வந்த முறை கைநழுவாமல் பார்த்துக்கொள்ள முடியும். நழுவும் இடங்கள் இவைதான்: பேரூராட்சி தரம் உயரும்போது அல்லது பணியிடப் பெயர் மாறும்போது, பழைய புள்ளியிலிருந்து தொடராமல் ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பிப்பது; ‘தகுதியானவர் இல்லை’ என்று ஒருவரி எழுதிவிட்டு, அந்த இடத்தைக் குறைவுக் காலிப்பணியிடமாக அடுத்த தேர்வுக்கு முன்னெடுக்காமல் விடுவது; அறிவிப்பை அலுவலகப் பலகையில் ஒட்டிவிட்டு, பந்தலூர்ப் பக்கத்துப் பணியர் குடியிருப்பான பாடிக்கும் கோத்தகிரிச் சரிவில் உள்ள இருளர் ஊருக்கும் செய்தி எட்டியதாக நினைத்துக்கொள்வது.

மூன்றாவதற்கு மருந்து எளிது. அறிவிப்பின் நகலை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும், பழங்குடியினர் நலத் துறை அலுவலகத்துக்கும், எம்.பாலாடா முத்தோரையில் இருக்கும் பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்துக்கும் அனுப்புங்கள். கடைசித் தேதிக்கு மூன்று வாரமாவது முன்பு போகவேண்டும். சாதிச் சான்று வாங்கவே அவ்வளவு நாள் பிடிக்கும்.

பெண்களுக்கான 30 சதவீதத்தில் வேறு வகைக் குழப்பம். அது ஒவ்வொரு இனப் பிரிவுக்குள்ளும் குறுக்காகப் போகும் ஒதுக்கீடு. பொதுப் போட்டிக்குரிய மதிப்பெண் எடுத்த பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்ணைத் தூக்கி அவர் பிரிவின் பெண்கள் இடத்தில் போட்டுவிட்டால், அந்தப் பிரிவில் இன்னொரு பெண்ணின் இடம் போய்விடும். இது தவறு என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வு வழக்கில் தெளிவாக்கியது. முதலில் பொதுப் பட்டியலை மதிப்பெண்படி நிரப்பி, பிறகு ஒவ்வொரு பிரிவையும் நிரப்பி, கடைசியில் ஒவ்வொரு பிரிவிலும் பெண்கள் எண்ணிக்கை போதுமா என்று சரிபார்க்க வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கினால் கணக்கு கெடும்.

சான்றிதழ்

பழங்குடியினர் சான்று வருவாய்க் கோட்டாட்சியர் கொடுக்க வேண்டியது. 1989 நவம்பர் 11க்குப் பிறகு வட்டாட்சியர் கொடுத்திருந்தால் அது செல்லாது. பழைய ஊழியர்களின் பணிப்பதிவேட்டில் இந்தக் கோளாறு ஒளிந்திருந்து, ஓய்வு பெறும் வருடத்தில் ஓய்வூதியக் கோப்பில் தலைகாட்டும். ஆகவே பணியில் சேரும்போதே தேதியையும் முத்திரையையும் பாருங்கள். மெய்த்தன்மைச் சரிபார்ப்புக்கு மாநிலக் குழுவுக்கு உடனே அனுப்பிவிடுங்கள். ‘அனுப்பியாச்சு’ என்று வாயால் சொன்னால் போதாது, அனுப்பிய கடித எண் பணிப்பதிவேட்டில் ஏறவேண்டும். சரிபார்ப்பு தாமதமானது ஊழியர் குற்றமில்லை என்று பின்னால் காட்ட அது ஒன்றுதான் ஆவணம்.

எழுத்துப் பிழையும் படுத்தும். பட்டியலில் ‘குறும்பாஸ், நீலகிரி மாவட்டம்’ ஒரு பதிவு, ‘குறுமன்ஸ்’ தனிப் பதிவு. பள்ளி மாற்றுச் சான்றில் ஒன்று, சாதிச் சான்றில் ஒன்று என்று இருந்தால் கோப்பு சென்னைக்குப் போய்த் திரும்பி வரும். இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தப்படி வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு வேறு சிக்கல். தாத்தாவின் பூர்வீக ஊர் திருச்சியா, புதுக்கோட்டையா என்று காட்டும் தாள் கேட்பார்கள். தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையையும் பழைய கடவுச்சீட்டையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். எல்லைக்கு அப்பால் கேரளத்திலோ கர்நாடகத்திலோ வாங்கிய சான்று இங்கே ஒதுக்கீட்டுக்கு உதவாது. இதை நேர்காணல் நாளன்று சொல்லி அழவைக்காமல் அறிவிப்பிலேயே எழுதிவிடலாம்.

கருணையின் பேரில் விளக்குமாறு

தூய்மைப் பணியாளர் ஒருவர் பணிக்காலத்தில் இறக்கிறார். மகள் பட்டப்படிப்பு முடித்திருக்கிறாள். மூன்று வருடத்துக்குள் கருணை அடிப்படையில் விண்ணப்பிக்க வேண்டும். படிப்புக்கேற்ற பணியிடம் கேட்க அவளுக்கு இடமிருக்கிறது. நடப்பதோ வேறு: ‘அப்பா வேலை உடனே கிடைக்கும், ஆபீஸ் வேலைன்னா வருஷக்கணக்குல காத்திருக்கணும்’ என்று மேசைக்கு இந்தப் பக்கமிருந்து ஆலோசனை சொல்லப்படும். வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே, கையெழுத்துப் போட்டுவிடுவாள். இப்படித்தான் ஒரு சாதியின் கையில் ஒரு வேலை தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடுகிறது, அதுவும் கருணை என்ற பெயரில்.

இதை நிறுத்த ஒரு தாள் போதும். விண்ணப்பப் படிவத்தோடு, ‘தங்கள் கல்வித் தகுதிப்படி கோரக்கூடிய பணியிடங்கள் இவை’ என்று பட்டியல் போட்டுக் கொடுத்து, படித்துக் காட்டி, பெற்றதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மகள் இளநிலை உதவியாளர் பணிக்குக் காத்திருக்க விரும்பினால், அதற்குள் குடும்ப ஓய்வூதியமும் பணிக்கொடையும் தாமதமில்லாமல் போய்ச் சேரவேண்டும். பசிதான் அந்தக் கையெழுத்தை வாங்குகிறது.

பணியில் இருப்பவர்களிடமும் படிப்பைக் கேட்டு எழுதிவையுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் என்று மூன்று பட்டியல். படித்த தூய்மைப் பணியாளரை வாய்மொழியாக அலுவலகத்துக்கு அழைத்து, கணினியில் உட்காரவைத்து, பதவி உயர்வு மட்டும் கொடுக்காமல் வைத்திருப்பது பல ஊர்களில் உள்ள பழக்கம். சலுகை போலத் தெரியும். மேலதிகாரி மாறினால் மறுநாளே தெருவுக்குப் போகவேண்டும், அந்த அனுபவத்துக்கு ஒரு தாளும் இருக்காது. குறைந்தபட்சம் எழுத்துமூலம் ஆணை போடுங்கள், காலவரையோடு.

ஓட்டுநர் உரிமம் இன்னொரு வாசல். பேட்டரி வண்டிகளில் பெண்கள் பின்னால் நின்று குப்பை வாங்க, ஆண் ஓட்டுகிறார். பழகுநர் உரிமம் எடுத்து 30 நாள் கழித்துத்தான் தேர்வு. அந்தப் பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். வாரம் இரண்டு மணிநேரம் வேலை நேரத்திலேயே பழகவிட்டால் பருவமழைக்கு முன் நாலைந்து பெண்கள் உரிமம் வாங்கிவிடலாம். விடுமுறையில் பழகிக்கொள்ளச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். அவர்கள் விடுமுறை, வீட்டில் துணி துவைக்கும் நாள்.

சரிவில் உள்ள செப்டிக் தொட்டி

மலையூருக்கே உரிய ஆபத்து இது, இதைப் பொறியியல் விஷயமாக மட்டும் பார்க்கிறார்கள். கையால் மலம் அள்ளத் தடை விதிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி சாக்கடைக்குள்ளும் கழிவுத் தொட்டிக்குள்ளும் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்யவைப்பது குற்றம். இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் இறக்குகிறார்கள்?

குன்னூரிலோ உதகையிலோ பாதி வீடுகள் சாலைக்குக் கீழே, படிக்கட்டு இறங்கிப் போகும் சரிவில். கழிவை உறிஞ்சும் லாரி சாலையிலேயே நிற்கும். உறிஞ்சும் பம்பு கடல்மட்டத்தில் கோட்பாட்டளவில் தண்ணீரை 10.3 மீட்டர்தான் மேலே இழுக்கும். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு சொச்சம்தான். ஆகவே அந்த 10.3 இங்கே 8 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். குழாய் உராய்வு, கசடின் கெட்டி, இணைப்புகளில் காற்றுக் கசிவு எல்லாம் சேர்ந்தால் கைக்குக் கிடைப்பது ஐந்தாறு மீட்டர். தொட்டி பன்னிரண்டு மீட்டர் கீழே இருக்கிறது. லாரிக்காரர் மேல்தண்ணீரைக்கூட இழுக்க முடியாமல் நிற்பார். அந்த நேரத்தில்தான் யாரோ ஒருவர், ‘அந்த லைன்ல ஆள் இருக்காங்க, சொல்லிவிடலாம்’ என்பார். எந்த லைன் (வரிசை வீட்டுக் குடியிருப்பு), எந்த ஆள் என்று ஊருக்கே தெரியும்.

உறிஞ்சுவதற்குத்தான் இந்த வரம்பு, தள்ளுவதற்கு இல்லை. கசடு தள்ளும் நீர்மூழ்கிப் பம்பைத் தொட்டிக்குள் கயிற்றில் இறக்கி மேல்நோக்கித் தள்ளினால் 15 மீட்டர் உயரமும் போகும். உயரம் அதற்கும் மேலே என்றால் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்து இரண்டு கட்டமாகத் தள்ளலாம். அடியில் இறுகிய கசடை, தண்ணீர் பீய்ச்சிக் கலக்கிய பிறகே பம்பு எடுக்கும். கலக்கும்போது விஷவாயு கிளம்பும், மூடி திறந்த தொட்டிமேல் யாரும் குனியக் கூடாது. உரிமம் பெற்ற லாரிகளுக்கான நிபந்தனையில் இந்தப் பம்பையும் 30 மீட்டர் தள்ளு குழாயையும் கட்டாயமாக்குங்கள். சாலைக்குக் கீழே எத்தனை மீட்டரில் தொட்டி என்று வார்டுவாரியாக ஒரு பட்டியலும் வேண்டும். அழைப்பு வரும்போதே எந்த வண்டியை அனுப்புவது என்று தெரிந்தால் ‘ஆள் இருக்காங்க’ என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

யாருக்கு எந்தத் தெரு

வேலை ஒதுக்கீட்டுப் புத்தகத்தை ஆறு மாதத்துக்குப் புரட்டினால் போதும். சந்தை, இறைச்சிக் கடை வரிசை, பொதுக்கழிப்பறை, பேருந்து நிலையம் ஆகிய கடினமான இடங்களில் அதே நாலு பெயர் திரும்பத் திரும்ப வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சுற்றிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு முறை சுற்றினால் யாருக்கும் தெரு பழகாது, குறைகள் பெருகும், ‘பார்த்தீங்களா, பழைய முறைதான் சரி’ என்று திரும்பிவிடுவார்கள்.

தொடங்கும் நேரத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு. கூடலூர், தேவர்சோலை, ஓவேலிப் பகுதிகளில் விடியலுக்கு முன் சாலையில் யானை நிற்கும். குன்னூர், கோத்தகிரியில் கரடி, காட்டுமாடு. தூரத்திலிருந்து நடந்து வருபவர்கள் பெரும்பாலும் பெண்களும் பழங்குடியினரும். ஐந்தரை மஸ்டரை ஆறரைக்கு மாற்ற முடியாத இடத்தில், எல்லோரையும் மைய அலுவலகத்துக்கு வரவைக்காமல் வார்டிலேயே மஸ்டர் போடலாம். அல்லது முதல் குப்பை வண்டியே அவர்களை ஏற்றிவரட்டும், சாமான் ஏற்றும் பின்புறத்தில் அல்ல, இருக்கையில்.

வருகைப்பதிவுக் கருவியும் ஆளைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. பிளீச்சிங் பவுடரும் ஈரமும் பட்டுத் தேய்ந்த விரலில் ரேகை பதியாது. செல்பேசிச் செயலியில் முகப்பதிவு என்றால் பள்ளத்துக் கிராமங்களில் சிக்னல் கிடையாது. கருவி ஏற்கவில்லை என்பதற்காக அரைநாள் கூலி போவது அவர்களுக்குத்தான். மேசையில் இருப்பவர் விரல் வழுவழுப்பாக இருக்கும். மேற்பார்வையாளர் அன்றே கையால் எழுதி ஒப்பமிடும் பதிவேடு ஒன்று மாற்றாக இருக்கவேண்டும், அதைச் சம்பளப் பட்டியல் போடுபவர் ஏற்கவேண்டும் என்று ஆணை இருக்கவேண்டும்.

கழிப்பறை. ஆறு மணிக்குத் தொடங்கும் பெண்ணுக்கு ஏழு மணிவரை ஒதுங்க இடமில்லை, பொதுக்கழிப்பறை திறப்பதே ஏழுக்குத்தான். அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. வார்டு வரைபடத்தில் ஒவ்வொரு பெண்ணின் தெருவிலிருந்தும் பத்து நிமிட நடைக்குள் ஒரு கழிப்பறையைக் குறித்து, சாவியின் நகல் ஒன்றை அந்தப் பெண்கள் குழுவிடமே கொடுத்துவிடுங்கள். மேற்பார்வையாளரிடம் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ஓர் ஆணிடம் போய்க் கேட்க வேண்டிவரும், கேட்கமாட்டார்கள்.

தேநீர் நேரத்தையும் கவனியுங்கள். காகிதக் கோப்பை வந்தபின் தனிக்குவளை ஒழிந்துவிட்டது என்று சொல்வார்கள். அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், வெளியே நிற்பவர்களுக்குக் காகிதம் என்றால் ஒழியவில்லை. எல்லோருக்கும் டம்ளர் அல்லது எல்லோருக்கும் காகிதம். விளிப்பும் அப்படித்தான். ஐம்பது வயதுப் பெண்ணை முப்பது வயது ஆய்வாளர் ‘வா, போ’ என்பதும், அவர் இவரை ‘சார்’ என்பதும் வேலை முறை அல்ல. ‘அக்கா, வாங்க’ என்று சொல்ல அரசாணை தேவையில்லை.

பேச்சுமொழி பற்றி ஒன்று. மஸ்டர் நேரத்தில் சொல்லும் பாதுகாப்பு அறிவுரையைத் தமிழில் சொன்னால் எல்லோருக்கும் புரியும் என்று வைத்துக்கொள்வது தவறு. கூடலூர்ப் பக்கம் வீட்டுமொழி மலையாளமாகவோ பணியர் மொழியாகவோ இருக்கும், கோத்தகிரிப் பக்கம் படுகர் பேசும் படுகு. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கூட வேலை செய்பவரே மொழிபெயர்ப்பார்.

விடுப்புப் பட்டியலை நவம்பரிலேயே போடலாம். ஹெத்தை அம்மன் பண்டிகை, ஓணம், பொக்காபுரம் திருவிழா, கிறிஸ்துமஸ் எல்லாம் தேதி தெரிந்தவை. அவரவர் இரண்டு நாள் தேர்ந்தெடுக்கட்டும். மே மாத மலர்க் கண்காட்சி சீசனில் வார ஓய்வை ரத்து செய்தால் ஈட்டு ஓய்வு எந்தத் தேதி என்று அதே ஆணையில் எழுதுங்கள். ‘அப்புறம் எடுத்துக்கலாம்’ என்றால் ஒப்பந்தப் பணியாளருக்கு அந்த அப்புறம் வராது.

ஒப்பந்தப்புள்ளியில் எழுத வேண்டியது

நிரந்தர ஊழியருக்கு மலைப்படி, குளிர்காலப்படி உண்டு. பக்கத்தில் அதே தெருவைக் கூட்டும் ஒப்பந்தப் பெண்ணுக்கும் அதே குளிர்தான். ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்பது தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று 2016 அக்டோபரில் பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை முழுதாக நடத்திக்காட்ட ஓர் உள்ளாட்சியால் முடியாது. ஆனால் நிபந்தனையில் சில வரிகள் எழுத முடியும்: கூலி வங்கிக் கணக்கில், மாதம் ஏழாம் தேதிக்குள், சம்பளச் சீட்டு தமிழில், வாரம் ஒரு நாள் ஓய்வு, ஒப்பந்ததாரர் மாறினாலும் பணியாளர் பட்டியல் தொடரும். கடைசி வரி முக்கியம். நிரந்தர அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம் மகப்பேறு விடுப்பு. ஒப்பந்தப் பெண்ணுக்கு மத்தியச் சட்டப்படி 26 வாரம், எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறும்போது ‘புதுசா சேர்ந்தவங்க’ என்று கணக்கை ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் அந்த 80 நாளே தகராறாகும்.

புகார் குழு

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உள்ளகக் குழு கட்டாயம். ஒப்பந்தப் பணியாளரும் அந்தப் பத்தில் அடக்கம். தலைவர் மூத்த நிலைப் பெண் ஊழியர், ஊழியர்களிலிருந்து இரண்டு பேராவது, வெளியிலிருந்து ஒருவர், மொத்தத்தில் பாதியாவது பெண்கள். அலுவலகத்தில் மூத்த பெண் இல்லையென்றால் பக்கத்து அலுவலகத்திலிருந்து நியமிக்கலாம். பத்துக்குக் குறைவான ஊராட்சிகளுக்கும், புகாரே அலுவலகத் தலைமை மீது என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு.

பெயர்ப்பலகையோடு குழு நின்றுவிடும் காரணங்கள் வெளிப்படை. எல்லோரும் எல்லோருக்கும் உறவு. விசாரணை நடப்பது ஆணையாளர் அறைக்குப் பக்கத்து அறையில். ‘எழுதிக் கொடும்மா’ என்பார்கள், அவருக்கு எழுத வராது. எழுத முடியாதவருக்கு உதவுவது குழுத் தலைவர் அல்லது உறுப்பினரின் சட்டக் கடமை. மூன்று மாதத்துக்குள் புகார், காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம். விசாரணை 90 நாளில். இடைக்கால ஏற்பாடாக யாரையாவது இடம் மாற்றினால், புகார் கொடுத்த பெண்ணே எழுதிக் கேட்டாலொழிய அவரைத் தொலைவு வார்டுக்கு அனுப்பக் கூடாது. நடைமுறையில் அவரைத்தான் மாற்றுகிறார்கள், ‘உங்க பாதுகாப்புக்காக’ என்று சொல்லி.

திருநர் ஊழியர் குறித்த 2019 சட்டமும் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு புகார் அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. ஆட்சியர் அடையாளச் சான்று வந்ததும் மஸ்டர், வைப்புநிதி, வங்கி மூன்றிலும் பெயர் ஒரே வாரத்தில் மாறவேண்டும். ஒன்றில் மட்டும் பழைய பெயர் நின்றால் அந்த மாதச் சம்பளம் நின்றுபோகும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் என்பது 2016 சட்டம். மலையில் அதைவிடப் பெரிய தடை படிக்கட்டு. சாய்தளத்துக்கு 1:12 சரிவு வேண்டும், 60 செ.மீ. உயரத்துக்கு 7.2 மீட்டர் நீளம். பழைய கட்டடங்களில் அந்த நீளம் முன்புறத்தில் கிடைக்காது, செங்குத்தாக ஒன்றைக் கட்டிக் கணக்குக் காட்டுவார்கள். சாலை மட்டத்தில் இருக்கும் ஓர் அறைக்கு அந்த ஊழியரின் பிரிவையே மாற்றிவிடுவது செலவு குறைந்த, நேர்மையான வழி. பணியில் கால் இழந்தவரை வேலையை விட்டு நீக்கவோ தரம் இறக்கவோ முடியாது. அதே ஊதியத்தில் வேறு பணியிடம் தரவேண்டும், இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும்.

சீருடை

ரப்பர் பூட்ஸ் 8, 9ஆம் எண்ணில் மொத்தமாக வந்து இறங்கும். பெண்கள் பெரும்பாலோருக்கு 4 முதல் 6. துணியைச் சுருட்டித் திணித்துப் போட்டுக்கொண்டு ஈரப்படியில் இறங்கினால் வழுக்கும். ஆகவே கழற்றி வைத்துவிட்டு ரப்பர் செருப்பில் வேலை செய்வார்கள். ‘கொடுத்தும் போடுவதில்லை’ என்று குறிப்பு எழுதப்படும். கையுறையும் அப்படியே. மழைக்கோட்டு புடவைமேல் போடும்படி இல்லை. சட்டையும் கால்சட்டையுமாக இரு துண்டாக வேண்டும், ஒருவருக்கு இரண்டு செட். ஜூலையில் தேவாலாப் பக்கம் நனைந்த கோட்டு மறுநாள் காலைக்குள் காயாது. ஓய்வறையில் ஒரு ஹீட்டரும் இரண்டு கொடிக்கயிறும் போட்டால் ஒரு செட்டே இரண்டு செட்டின் வேலையைச் செய்யும்.

அளவு எடுக்க ஒரு காலை போதும்: தரையில் காகிதம் விரித்து, எல்லோர் பாதத்தையும் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் பெயரும் கையளவும் எழுதினால் முடிந்தது. அந்தப் பட்டியல் டிசம்பர் முதல் வாரத்துக்குள் கணக்குப் பிரிவுக்குப் போய் வரவுசெலவில் ஏறாவிட்டால், அடுத்த தென்மேற்குப் பருவத்திலும் 9ஆம் எண் பூட்ஸ்தான் வரும்.